தொட்டியில் எந்த மீனும் பட்டினி கிடக்காமல் தீனி போடுவது எப்படி?

பத்துப் பதினைந்து மீன் இருக்கும் தொட்டியில் ஒன்றிரண்டு மட்டும் நாள்கணக்காகப் பட்டினி கிடந்தால் சட்டென்று கண்ணில் படாது. தீனி விழுந்ததும் மேலே ஒரே பரபரப்பு. இரண்டு நிமிடத்தில் எல்லாம் காலி. எல்லா மீனும் சாப்பிட்டாயிற்று என்று நாமும் மூடியை மூடிவிட்டுப் போய்விடுகிறோம். சில வாரம் கழித்து ஒரு மீன் மட்டும் மெலிந்து, நிறம் மங்கி, ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். நோய் வந்துவிட்டதோ என்று மருந்து தேடி ஓடுவோம். பல நேரம் அங்கே நோயே இருக்காது. அந்த மீனின் வாய்க்குத் தீனி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இது புரிந்ததும் புதிதாக மீன் வளர்ப்பவர்கள் முதலில் செய்வது தீனியைக் கூட்டுவது. அதை மட்டும் செய்யாதீர்கள். கூட்டிப் போட்டதையும் அதே வேகக்கார மீன்கள்தான் விழுங்கும். அவையும் தின்னாமல் விட்டது கற்களுக்கு நடுவே சிக்கி, அழுகி, மீனுக்கு விஷமான அம்மோனியாவாகும். ஏற்கெனவே நலிந்த மீனுக்கு அது இன்னொரு அடி. மொத்த அளவை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, எங்கே போடுகிறோம், எப்போது போடுகிறோம், எந்த வடிவில் போடுகிறோம் என்பதை மாற்ற வேண்டும். தீனியைக் கூட்டாமல் பிரிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் சில நாள் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் சில நாள் தீனி நேரத்தைக் கவனியுங்கள். தொட்டிக்கு ஒட்டி நிற்காமல் கொஞ்சம் தள்ளி உட்காருவது நல்லது. தீனி போடுகிறவரை மீன்களுக்கு அடையாளம் தெரியும். நீங்கள் பக்கத்தில் நின்றாலே எல்லாம் உங்களை நோக்கி வந்துவிடும், உண்மை நிலவரம் தெரியாது. கைபேசியைத் தொட்டிக்கு எதிரே சாய்த்து வைத்து வீடியோ எடுத்து, பிறகு நிதானமாகப் பார்ப்பது இன்னும் எளிது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மீனைத் தேர்ந்தெடுத்து, அது எத்தனை வாய் தின்றது என்று எண்ணுங்கள். கூட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் எதுவும் பிடிபடாது.

அடுத்து வயிறு. பக்கவாட்டில் பார்த்தால் பல மீன்கள் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். மேலிருந்தோ நேர் எதிரிலிருந்தோ பாருங்கள். நன்றாகச் சாப்பிடும் மீனின் உடல் செவுளுக்குப் பின்னால் மெல்லப் புடைத்து, வாலை நோக்கிக் குறுகும். பட்டினி கிடக்கும் மீனுக்குச் செவுள் மூடிக்குப் பின்னாலேயே பள்ளம் விழும், தலை உடம்பைவிடப் பெரிதாகத் தோன்றும், முதுகு கத்திபோல் கூர்மையாகும். சக்கர் என்று சொல்லப்படும் பிளக்கோ கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அதன் அடிவயிற்றை வெளியிலிருந்தே பார்க்கலாம். தட்டையாகவோ லேசாக உப்பியோ இருந்தால் சரி. உள்வாங்கிக் குழிந்து, கண்களும் உள்ளே போயிருந்தால் அது நீண்ட நாளாகச் சாப்பிடவில்லை.

மெலிவு எல்லாமே போட்டியால் வருவதில்லை. ஒரு மீன் நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போனால், அதன் கழிவு வெள்ளையாக நூல்போல நீண்டு தொங்கினால், குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. சந்தேகம் இருந்தால் அந்த மீனைத் தொட்டிக்குள்ளேயே ஒரு குஞ்சுப் பெட்டியில் (குஞ்சுகளைப் பிரித்து வைக்க உள்ளே தொங்கவிடும் சிறு பெட்டி) தனியாக விட்டுத் தீனி போட்டுப் பாருங்கள். இடம் மாறிய பதற்றத்தில் முதல் ஓரிரு நாள் தின்னாமல் இருக்கலாம். அதற்குப் பிறகு ஆசையாகத் தின்றால் பிரச்சினை மற்ற மீன்களிடம். தனியாக இருந்தும் தீனியைத் தொடவே இல்லை என்றால் மீனின் உடல்நிலையையும் தண்ணீரையும் பாருங்கள்.

எந்த மீன் ஏன் பின்தங்குகிறது?

காரணம் தெரிந்தால்தான் மருந்து தெரியும். சில மீனுக்கு வேகம் போதாது. ஒராண்டா போன்ற உருண்டை உடம்பு கோல்டு ஃபிஷ், நீண்ட துடுப்பு ஃபைட்டர், தீனியை ஊதி ஊதிப் பொறுக்கும் டிஸ்கஸ் இவையெல்லாம் இந்த வகை. டைகர் பார்ப், ஜீப்ரா டானியோ, காமெட் கோல்டு ஃபிஷ் பக்கத்தில் இருந்தால் இவற்றுக்கு மிச்சம்தான் கிடைக்கும். சிலவற்றுக்குக் கண் சரியாகத் தெரியாது: கண் பிதுங்கிய டெலஸ்கோப் கோல்டு ஃபிஷும், கண்ணுக்குக் கீழே பை தொங்கும் பபிள் ஐயும் முகர்ந்து தேடி வருவதற்குள் தட்டு காலியாகியிருக்கும். பிளக்கோ, கூலி லோச் போன்றவை இரவில் நடமாடுகிறவை. நாம் தீனி போடும் நேரம் அவற்றுக்கு ஓய்வு நேரம். சிக்லிட் வகையில் நடப்பது அப்பட்டமான அதிகாரம்: வலுத்த மீன் தீனி விழும் இடத்தைக் காவல் காத்து மற்றதைத் துரத்தும்.

மீனின் வாயைப் பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. மேல்நோக்கித் திறக்கும் வாய் உள்ள கப்பி, ஃபைட்டர் போன்றவை நீரின் மேற்பரப்பில் தின்பவை. நேராகத் திறக்கும் வாய் என்றால் நடுநீர். டெட்ராவும் பார்பும் அப்படி. கீழ்நோக்கிய வாயும் மீசையும் இருந்தால் அடித்தளம். கோரிடோரஸ் என்ற குட்டிக் கெளுத்தி இதில் சேரும். ஒரே ஒரு மிதக்கும் தீனியைப் போட்டுவிட்டு மூன்று மட்டத்திலும் இருக்கும் மீன்கள் பங்கு போட்டுக்கொள்ளும் என்று எதிர்பார்த்தால் கீழே இருப்பவை காய்ந்துபோகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "இது கீழே விழும் மிச்சத்தைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும்" என்று சொல்லித்தான் கோரிடோரஸையும் பிளக்கோவையும் விற்கிறார்கள். மிச்சத்தை மட்டும் நம்பி வாழ எந்த மீனாலும் முடியாது. மேலே இருப்பவை நன்றாகத் தின்றால் மிச்சமே விழாது. கீழே இருக்கும் மீனுக்கும் தனியாக ஒரு வேளைத் தீனி வேண்டும். கடையில் இதைச் சொல்லாமல் விற்பதால் எத்தனையோ கோரிடோரஸ்கள் வீணாகச் சாகின்றன.

படி 1: ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு தீனி

மேலே மிதக்க ஃப்ளேக்ஸ் எனும் மெல்லிய செதில் தீனி, நடுவில் மெதுவாக இறங்கச் சிறு குருணைத் தீனி, அடிக்குப் போக மூழ்கும் பெல்லட் அல்லது வில்லை. இந்த மூன்றும் கையில் இருந்தால் பெரும்பாலான பொதுத் தொட்டிகளைச் சமாளிக்கலாம். குருணையின் அளவும் முக்கியம். பெரிய மீனுக்குப் பெரிய உருண்டையும், சின்ன வாய்க்கு ஃப்ளேக்ஸை விரலால் நொறுக்கிய தூளும் ஒரே நேரத்தில் விழுந்தால், பெரிய மீன் உருண்டையில் மும்முரமாக இருக்கும் நேரத்தில் சின்ன மீன்கள் தூளைப் பொறுக்கிவிடும். பெரிய வாய்க்குத் தூளைத் துரத்துவதில் லாபம் குறைவு.

படி 2: இரண்டு இடத்தில் போடுங்கள்

முழு விஷயத்திலும் அதிகப் பலன் தருவது இதுதான். தீனி ஒரே இடத்தில், குவியலாக விழுந்தால் அந்த இடத்தை ஒரு மீனால் காவல் காக்க முடியும். பரவி விழுந்தால் காவல் காப்பதற்கு ஆகும் உழைப்பு கிடைக்கும் தீனியைவிட அதிகமாகிவிடும். துரத்துவதை விட்டுவிட்டுத் தின்னத்தான் பார்க்கும்.

மான்ஃபிரெட் மிலின்ஸ்கி என்ற ஆய்வாளர் 1979-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு நல்ல பாடம். தொட்டியில் ஸ்டிக்கில்பேக் என்ற சிறு மீன்கள் 6. இரு முனைகளிலும் நீர்த்தெள்ளு விழும், ஆனால் ஒரு முனையில் அடுத்ததைவிட வேகமாக. ஒரு பக்கம் இரண்டு பங்கும் மறுபக்கம் ஒரு பங்கும் விழுந்தபோது, மீன்களும் ஏறக்குறைய நாலு அந்தப் பக்கம், இரண்டு இந்தப் பக்கம் என்று தாமாகவே பிரிந்து நின்றன. எங்கே எவ்வளவு கிடைக்கிறது என்பதை மீன்கள் அவ்வளவு சீக்கிரம் கணக்குப் போட்டுவிடும். ஆனால் ஒரே பக்கம் நின்ற மீன்களுக்குள் எல்லாவற்றுக்கும் சம பங்கு கிடைக்கவில்லை. கெட்டிக்கார மீன் அங்கேயும் கூடுதலாகப் பிடித்தது. அதனால் இரண்டு இடத்தில் போடுவது பாதி வேலை. எந்த இடத்தில் எந்த மீன் நிற்கிறது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

அதைச் செய்வது இப்படி. தொட்டியின் ஒரு முனையை வேகக்கார மீன்களின் மூலையாக வையுங்கள். தினமும் முதல் சிட்டிகை அங்கேதான் விழ வேண்டும், அதுவும் மிதக்கும் தீனியாக. மீன்கள் இடத்தையும் நேரத்தையும் விரைவில் பழகிக்கொள்ளும். சில நாளில் உங்கள் கையைப் பார்த்ததுமே அந்த மூலையில் போய் நிற்கும். அவை அங்கே மும்முரமாக இருக்கும்போது மறுமுனையில், சீக்கிரம் மூழ்கும் தீனியை மெதுவான மீன்களின் முன்னால் போடுங்கள். இரண்டுக்கும் இடையில் சில விநாடிகள்தான் இடைவெளி இருக்க வேண்டும். அதிகம் தாமதித்தால் முதல் மூலையைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிடும். காவல் காக்கும் முரட்டு மீன் இருந்தாலும் இதே வழிதான்: அந்த மூலையை அதற்கே விட்டுவிடுங்கள். அது அங்கே ராஜாவாக இருக்கும்வரை மறுபக்கம் மற்ற மீன்கள் நிம்மதியாகத் தின்னும்.

தீனி போடும்போது ஃபில்டரை நிறுத்திவிடுவது நல்லது. நீரோட்டம் தீனியைத் தொட்டி முழுக்கச் சுழற்றினால் மெதுவான மீனால் துரத்திப் பிடிக்க முடியாது, நீங்கள் பிரித்துப் போட்ட இடமும் குழம்பிவிடும். ஐந்து, பத்து நிமிடத்தில் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள். கைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டு நிறுத்துவது நல்ல பழக்கம். நீண்ட நேரம் நின்றுபோனால் ஃபில்டருக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியா ஆக்ஸிஜன் இல்லாமல் சாகத் தொடங்கும்.

படி 3: விளக்கை அணைத்த பிறகு ஒரு வேளை

அடித்தள மீன்களுக்கு இதுதான் உயிர்நாடி. விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் டெட்ரா, பார்ப் எல்லாம் செடிகளுக்கு நடுவில் அசையாமல் நிற்கும். அப்போது மூழ்கும் வில்லைகளைப் போடுங்கள். கண்ணால் தேடும் மீனுக்கு இருட்டு தடை. கெளுத்தி வகை மீன்களுக்கோ மீசையிலும் உடம்பிலும் சுவை மொட்டுகள் இருக்கின்றன. இருட்டிலும் தடவித் தடவிக் கண்டுபிடித்துவிடும்.

வில்லையை ஒரே இடத்தில் போடாமல் உடைத்து இரண்டு மூன்று இடத்தில், கட்டைக்குப் பின்னால், குகை வாசலில் என்று பரப்புங்கள். அடித்தளத்திலும் போட்டி உண்டு: பெரிய லோச்சும் பிளக்கோவும் வில்லையின் மேல் படுத்துக்கொண்டால் கோரிடோரஸால் கிட்ட நெருங்க முடியாது. பாசியும் காயும் தின்னும் பிளக்கோவுக்கு லேசாக வேகவைத்த சுரைக்காய் அல்லது வெள்ளரித் துண்டை இரவில் கட்டித் தொங்கவிட்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிடலாம். மறுநாள் காலையில் வில்லைத் துண்டு அப்படியே கிடந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். அடுத்த இரவு பாதியாக்குங்கள்.

படி 4: ஊட்டிவிடுவது

இத்தனைக்குப் பிறகும் ஒரு மீன் மட்டும் பின்தங்கினால் நேராக அதன் வாய்க்குக் கொண்டுபோக வேண்டியதுதான். தொட்டியின் ஆழத்துக்கு எட்டும் நீளமான பிப்பெட் (உறிஞ்சிச் சொட்டுவிடும் குழாய்) வேண்டும். இல்லாவிட்டால் ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏர் பம்பின் மெல்லிய குழாயைச் செருகிக்கொள்ளுங்கள். உறைந்த ரத்தப்புழுவையோ ஆர்ட்டீமியா என்ற குட்டி இறால் வகையையோ ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் ஊற்றிக் கரையவிட்டு, அந்தத் தண்ணீரோடு உறிஞ்சிக்கொள்ளுங்கள். குழாயை மீனுக்கு எதிரே, அதன் உடல் நீளம் அளவு தள்ளி நிறுத்திவிட்டு அசையாமல் இருங்கள். முதல் நாள் மீன் பின்வாங்கும். துரத்த வேண்டாம். ஒரே ஒரு புழுவை மட்டும் மெல்ல விடுங்கள். அது மீனின் முகத்துக்கு முன்னால் மெதுவாக இறங்கட்டும். மீன் கண்ணை உருட்டிப் பார்க்கும், ஒரு முறை ஊதிப் பார்க்கும், பிறகு உறிஞ்சும். அடுத்த புழு. சில நாளில் குழாயைக் கண்டதுமே மறைவிலிருந்து வெளியே வந்துவிடும். என் தொட்டியில் எப்போதும் கட்டைக்கு அடியிலேயே கிடந்த கூச்ச சுபாவ குராமி ஒன்று இப்படித்தான் குழாய் நுனியைத் தேடி வரப் பழகியது. அதைப் பார்ப்பதில் இருக்கும் சந்தோஷம் தனி.

இதிலும் சூட்சுமம் ஒன்றுதான்: வேகக்கார மீன்களுக்கு முதலில் அவற்றின் மூலையில் தீனி விழுந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயைச் சுற்றி அவைதான் மொய்க்கும்.

எவ்வளவு, எத்தனை முறை?

இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு என்ற பொதுக் கணக்கு பகலில் தின்னும் மீன்களுக்குப் பொருந்தும். பிளக்கோ போல மெல்ல மெல்லச் சுரண்டித் தின்பவற்றுக்கு அது பொருந்தாது. ஒரே வேளையாகப் போடுவதைவிட அதே அளவை இரண்டு மூன்று சிறு வேளையாகப் பிரித்தால் போட்டியின் வேகம் குறையும். முதல் வேளையில் வயிறு நிறைந்த முரட்டு மீன் அடுத்த வேளையில் அவ்வளவு மூர்க்கமாக வராது. கோல்டு ஃபிஷுக்கு இரைப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. சாப்பிட்டது நேராகக் குடலுக்குப் போகிறது. அதனால் சிறுசிறு வேளைதான் அதற்கு நல்லது. உலர்ந்த பெல்லட்டைத் தொட்டித் தண்ணீரில் சற்று ஊறவைத்துப் போட்டால் சீக்கிரம் மூழ்கும். மேலே பாய்ந்து காற்றோடு சேர்த்து விழுங்குவதும் குறையும்.

பெருந்தீனி மீனையும் மறந்துவிடக் கூடாது. மற்றவற்றின் பங்கையும் சேர்த்துத் தின்று வயிறு வீங்கிக் கழிவு போகாமல் திணறுவது அதுதான். நன்றாக வளர்ந்த, ஆரோக்கியமான மீன்கள் உள்ள தொட்டியில் வாரம் ஒரு நாள் தீனி போடாமல் விடுவதில் தவறில்லை. குஞ்சுகளும் மெலிந்த மீன்களும் இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள்.

புதிய முறைக்கு மாறிய முதல் இரண்டு வாரம் தண்ணீரில் அம்மோனியாவையும், அதிலிருந்து உண்டாகும் இன்னொரு விஷமான நைட்ரைட்டையும் சோதித்துப் பாருங்கள். இரண்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். ஏறினால் இரவுத் தீனி அதிகமாகிறது என்று பொருள். அளவைக் குறைத்து, அடியில் தேங்கியதைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள்.

வெளியூர் போகிறவர்கள் தானியங்கித் தீனிப் பெட்டி வாங்குவதுண்டு. ஒரே இடத்தில் ஒரே குவியலாகக் கொட்டும் அந்தப் பெட்டி, முரட்டு மீன் காவல் காக்கத் தோதான ஏற்பாடு. இரண்டு மூன்று நாள் என்றால் ஆரோக்கியமான வளர்ந்த மீன்கள் தீனி இல்லாமலே தாங்கும். அதற்கு மேல் போகிறவர்கள் வேளைக்கு வேளை பொட்டலமாகக் கட்டி, எந்தப் பொட்டலம் எந்த மூலைக்கு என்று எழுதி, பார்த்துக்கொள்பவரிடம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

குஞ்சுகள்

குஞ்சுகளில் சின்ன வித்தியாசம் வேகமாகப் பெரிதாகும். கொஞ்சம் பெரிய குஞ்சு கொஞ்சம் அதிகம் தின்னும். அதனால் இன்னும் பெரிதாகி, இன்னும் அதிகம் தின்னும். சில இனங்களில் கடைசியில் தம்பி தங்கைகளையே தின்னத் தொடங்கும். கொடுவாய், கெளுத்தி வளர்க்கும் பண்ணைகளில் குஞ்சுகளை அவ்வப்போது அளவு வாரியாகப் பிரித்துத் தனித்தனியாக வளர்ப்பது இதனால்தான். வீட்டிலும் அதையே செய்யுங்கள்: முந்திக்கொண்டு வளரும் குஞ்சுகளைத் தனியாக எடுத்தால் மீதி இருப்பவை தாமாகவே வளர ஆரம்பிக்கும்.

எப்போது பிரிக்க வேண்டும்?

சில சேர்க்கைகள் எந்த முறைக்கும் அடங்காது. உருண்டை கோல்டு ஃபிஷோடு காமெட், டிஸ்கஸோடு டைகர் பார்ப், ஃபைட்டரோடு டானியோ இவற்றை ஆரம்பத்திலேயே சேர்க்காமல் இருப்பது மேல். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கடல் குதிரையையும் மாண்டரின் மீனையும் வேகமான மீன்களோடு விடவே கூடாது. நாள் முழுக்க நுண்ணிய இறால் வகைகளைப் பொறுக்கித் தின்னும் அவற்றுக்கு இந்த ஓட்டத்தில் பங்கே கிடைக்காது.

மூன்று நான்கு வாரம் மேலே சொன்னதெல்லாம் செய்தும் ஒரு மீன் தேறவில்லை என்றால் அதைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். நீண்ட நாள் காய்ந்த வயிற்றுக்கு முதல் நாளே நிறையக் கொடுக்காதீர்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சில வாய் மட்டும். செவுளுக்குப் பின்னால் இருந்த பள்ளம் நிரம்ப வாரக்கணக்காகலாம். திரும்ப விடும் நாளில், முதலில் பெரிய தொட்டியின் கற்களையும் கட்டைகளையும் இடம் மாற்றிவையுங்கள். பழைய எல்லைகள் குலைந்தால் முரட்டு மீனும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். மற்ற மீன்களுக்கு வயிறாரத் தீனி போட்டு, விளக்கை அணைத்த பிறகு இதை விடுங்கள். மறுநாள் காலை முதல் தீனியை இதன் பக்கத்தில் பிப்பெட்டால் கொடுங்கள். மறுபடியும் மெலியத் தொடங்கினால் இன்னொரு முறை முயற்சிக்க வேண்டாம். அந்த மீனுக்கு வேறு தொட்டிதான் வீடு.